பிள்ளை பார்க்கும் வேலைக்கு விளம்பரம் போடுகிறேன், எந்தப் படத்தை வைக்கலாம்?

நல்லூராள்

எல்லோருக்கும் வணக்கம். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கிறேன். செப்டெம்பரில் பிள்ளை பார்க்கும் வேலையைத் தொடங்கப் போகிறேன். பெற்றோரின் வீட்டுக்குப் போயும் பார்ப்பேன், என் வீட்டிலும் பார்ப்பேன். பொலிஸ் சோதனைச் சான்றிதழ் வந்துவிட்டது, முதலுதவி வகுப்பும் முடிந்தது. இணையத்தில் போட விளம்பரமும் எழுதிவிட்டேன். படத்தில்தான் தடுமாறி நிற்கிறேன்.

என்னிடம் நான்கு படங்கள் இருக்கின்றன. ஒன்று தங்கையின் திருமணத்தில் ஸ்டுடியோக்காரர் எடுத்தது. பட்டுச் சேலை, நகை, தலை நிறையப் பூ. முகம் மிகவும் வடிவாக விழுந்திருக்கிறது. இன்னொன்று மில்லிக்கன் பூங்காவில் வெயில் கண்ணாடியோடு நிற்பது. மூன்றாவது, கடந்த ஆண்டு நான் பார்த்துக்கொண்ட குழந்தையை மடியில் இருத்திக் கதைப்புத்தகம் வாசிக்கும் படம். என் மனதுக்குப் பிடித்தது இதுதான், வேலையையே காட்டுகிறது. கடைசியாகச் சமையலறையில் எடுத்த ஒரு செல்பி இருக்கிறது.

என் கணவரோ முகமே வேண்டாம், ஒரு பூவின் படத்தைப் போட்டால் போதும் என்கிறார். பிள்ளை பார்க்க ஆள் தேடிய தாய்மார், தகப்பன்மார் யாராவது இருந்தால் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

இரட்டையர் அம்மா

தங்கச்சி, நான் தேடியிருக்கிறேன். எப்படித் தேடினேன் என்று சொன்னால் உங்களுக்கு உதவும். பிள்ளைகள் உறங்கிய பிறகு, இரவு பத்து மணிக்குமேல், கட்டிலில் கிடந்தபடி கைபேசியில் ஒவ்வொரு விளம்பரமாகத் தள்ளிக்கொண்டே போவேன். அந்தத் திரையில் உங்கள் படம் பெருவிரல் நகத்தளவு வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்துக்குள் கண்கள் தெரிந்தால் நின்று வாசிப்பேன். பூ, சூரிய அஸ்தமனம், சாமி படம், கரடிப் பொம்மை இருந்தால் வாசிக்காமலே கடந்துவிடுவேன். அந்தப் பெண் நல்லவராகவே இருந்திருக்கலாம். ஆனால் என் ஒன்றரை வயதுப் பிள்ளைகளை ஒருவரிடம் விட்டுப் போகப் போகிறேன், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் எப்படித் தொலைபேசியை எடுப்பது?

அழகு எனக்குப் பொருட்டில்லை. கதவைத் திறக்கும்போது படத்தில் பார்த்த முகமே எதிரில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை நேர்முகத்துக்கு வந்தவர் படத்தில் இருந்ததைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருந்தார். வயது எனக்குப் பிரச்சினையே இல்லை, மூத்தவர் என்றால் இன்னும் நிம்மதி. பழைய படத்தை ஏன் வைத்தார் என்ற கேள்விதான் பேச்சு முழுக்க மனதில் குடைந்துகொண்டிருந்தது. அவர் சொன்ன நல்ல விஷயங்கள் எதுவும் காதில் ஏறவில்லை.

ஆகவே திருமணப் படம் வேண்டாம். அந்த அலங்காரத்தில் நீங்கள் யார் என்று உங்கள் தாயாருக்கே சட்டென்று தெரியாது. வெயில் கண்ணாடிப் படமும் வேண்டாம்.

படப்பெட்டி

திருமணப் படம் எடுப்பதுதான் என் தொழில், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கொடுக்கும் படங்களில் தோலை மெழுகி, நிறத்தை இரண்டு படி கூட்டித்தான் கொடுக்கிறோம். கேட்பதும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆல்பத்துக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தேடும் படத்துக்கு ஆகாது. கைபேசியில் முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டர் தானாகவே இயங்கும், பல கைபேசிகளில் முன் கேமராவில் அது எப்போதும் போட்டபடியே இருக்கும். அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிட்டு எடுங்கள். உங்கள் நிறம் எதுவோ அதுவே படத்தில் இருக்கட்டும். நம் சமூகத்தில் இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

புதிதாக ஒன்று எடுப்பது பத்து நிமிட வேலை. காலை பத்து மணிபோல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும். கூரை விளக்கை அணையுங்கள், அது கண்ணுக்குக் கீழே கருநிழல் போடும். செல்பி வேண்டவே வேண்டாம். கை நீளத்தில் பிடித்தால் கைபேசியின் அகல வில்லை மூக்கைப் பெரிதாக்கிக் காதை உள்ளே தள்ளிவிடும். வேறொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, உங்கள் கண் உயரத்தில் கைபேசியைப் பிடித்து, பின் கேமராவால் இரண்டு மடங்கு பெருக்கத்தில் எடுக்கட்டும். பின்னால் வெறும் சுவர் போதும்.

வட்டமாக வெட்டுவார்கள் என்பதால் தலைக்கு மேலும் இரு தோள்களுக்கு அப்பாலும் இடம் விட்டு எடுங்கள். உச்சந்தலை வெட்டுப்பட்ட படங்கள் ஏராளம்.

இதைப் பனிக்காலத்தில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிசம்பரில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், வேலை முடிந்து வந்து எடுக்கலாம் என்று இருக்காதீர்கள்.

பாலர் ஆசிரியை

மூன்றாவது படத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அது நல்ல படமாகவே இருக்கும், சந்தேகம் இல்லை. ஆனால் அதில் இருக்கும் குழந்தை உங்களுடையது அல்ல. அந்தத் தாய் “படம் எடுக்கலாம்” என்று சொல்லியிருப்பார், வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து மகிழ்ந்தும் இருப்பார். ஆனால் யார் யாரோ வந்து பார்க்கும் விளம்பரத்தில் தன் பிள்ளையின் முகம் மாதக்கணக்கில் இருப்பதற்கு அவர் சம்மதிக்கவில்லை. இரண்டும் வேறு வேறு. பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்களா, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு நடக்கிறதா, ஒருவர் மற்றவரிடமிருந்து முகவரியை மறைத்து வாழ்கிறாரா என்பதெல்லாம் நமக்குச் சொல்லப்படாமலே இருக்கும். பிள்ளை எந்தப் பகுதியில், யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை உங்கள் விளம்பரம் வெளியே காட்டிக்கொடுத்துவிடும்.

முகத்தின் மேல் ஒரு சிரிப்புப் பொம்மையை ஒட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். பள்ளியின் பெயர் அச்சிட்ட சட்டை, பையில் தைத்த பெயர், பின்னால் தெரியும் விளையாட்டுத் திடல் ஆகியவற்றை அது மறைப்பதில்லை. தவிர, விளம்பரத்தைப் பார்க்கும் தாயின் பக்கமிருந்து யோசியுங்கள். “இவர் இன்னொருவர் பிள்ளையை இணையத்தில் போட்டிருக்கிறார், நாளைக்கு என் பிள்ளையையும் போடுவார்” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைப்பேன்.

வேலையைக் காட்ட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானதுதான். அதே கதைப்புத்தகத்தை மடியில் விரித்து, பக்கத்தில் கைப்பொம்மைகளை வைத்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எடுங்கள். குழந்தை இல்லாமலே விளங்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. உறங்கும் கைக்குழந்தையின் படம். தலையணை, போர்வை, சுற்றிலும் பொம்மைகள், சில வேளை குப்புறப் படுத்திருக்கும் குழந்தை. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், தொட்டிலில் விரிப்பைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது என்றுதான் கனடாவின் சுகாதாரத் துறை அறிவுறுத்துகிறது. மருத்துவமனையில் அந்தப் பாடத்தைக் கேட்டுவிட்டு வந்த புதுத் தாய் உங்கள் படத்தைப் பார்த்தால் பயந்துவிடுவார். நடைவண்டியும் அப்படித்தான். சக்கரம் வைத்து, குழந்தையை நடுவில் இருத்தும் நடைவண்டிகளை விற்கவோ, இறக்குமதி செய்யவோ, விளம்பரப்படுத்தவோ 2004 ஏப்ரலில் இருந்து இந்த நாட்டில் தடை. ஊரில் இருந்து யாரோ கொண்டுவந்தது வீட்டு மூலையில் இருந்தால், படத்தில் தெரியாமல் தள்ளி வைப்பதோடு நிற்காமல் வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள்.

நல்லூராள்

நன்றி அக்கா. அந்தக் குழந்தையின் தாயிடம் கேட்டால் சம்மதிப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நீங்கள் சொன்னதை வாசித்த பிறகு கேட்கவே மனம் வரவில்லை. நான் கேட்டால் மறுக்க அவருக்குச் சங்கடமாக இருக்கும். புத்தகத்தோடு நான் மட்டும் இருக்கும் படம் எடுக்கிறேன்.

கணவரின் கவலைக்கு என்ன பதில் சொல்வது?

கிழக்குக் கரை

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லோரும் முகத்தைப் போடு என்கிறீர்கள், அதன் பிறகு நடப்பதைச் சந்திப்பது அந்தப் பெண்தான். என் சிநேகிதி ஒருவரின் படத்தை எடுத்து, வேறொரு பெயரில் பிள்ளை பார்க்கும் விளம்பரம் போட்டு, “இடம் ஒதுக்க முன்பணம்” என்று யாரோ ஏமாற்றிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். பணம் இழந்தவர்கள் கடைசியில் சிநேகிதியைத்தான் திட்டினார்கள். விளம்பரம் இருந்த தளத்துக்கு எழுதி அதை எடுக்க வைக்க அவர் பட்ட பாடு பெரிது. இது போதாதென்று, இரவில் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத செய்திகள் வேறு.

எழுத்தில் தகுதிகளைச் சொல்லுங்கள். பேசிப் பார்த்து, நம்பிக்கையான குடும்பம் என்று தெரிந்த பிறகு முகத்தைக் காணொளி அழைப்பில் காட்டலாமே?

மார்க்கம் தகப்பன்

சிநேகிதிக்கு நடந்தது கொடுமை, அந்தப் பயத்தைச் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் முகத்தை மறைப்பதால் திருட்டு நிற்காது. யார் உண்மையானவர் என்று கண்டுபிடிக்க எங்களைப் போன்ற பெற்றோருக்கு இருக்கும் ஒரே வழியும் போய்விடும்.

நான் ஒரு விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் அந்தப் படத்தை எடுத்துக் கூகுள் லென்சில் போடுவேன். டின்ஐ (TinEye) என்று ஒரு தேடல் தளம் இருக்கிறது, நம் ரொறன்ரோக்காரர்கள் உருவாக்கியது, அதிலும் போடுவேன். படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறு எங்கே இருக்கிறது என்று காட்டும். ஒரே முகம் வேறு பெயரில் வேறு நகரத்தில் தென்பட்டால் அதோடு அந்த விளம்பரத்தை விட்டுவிடுவேன். இதையே நீங்களும் செய்யலாம். மாதம் ஒருமுறை உங்கள் படத்தை நீங்களே தேடிப் பாருங்கள். யாராவது எடுத்துப் பயன்படுத்தினால் விரைவில் தெரியவரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேஸ்புக்கில் இருக்கும் அதே படத்தை விளம்பரத்தில் போடாதீர்கள். போட்டால், விளம்பரத்தைப் பார்க்கும் எவரும் ஒரு நிமிடத்தில் உங்கள் பேஸ்புக் பக்கத்துக்கு வந்து கணவர், பிள்ளைகள், வீட்டு விசேஷம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். முகத்தை வைத்தே தேடும் கருவிகளும் வந்துவிட்டன, ஆகவே பேஸ்புக் படங்களைச் சிநேகிதர் மட்டும் பார்க்கும்படி பூட்டியும் வையுங்கள். விளம்பரத்துக்கென்றே ஒரு படம் எடுத்து அதை வேறெங்கும் போடாமல் இருப்பதுதான் சரி. தொலைபேசி எண்ணைப் படத்தின் மேலேயே எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், முதல் தொடர்பு அந்தத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே நடக்கட்டும்.

கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கும். சில தளங்கள் ஏற்றும்போது அதை அழித்துவிடும், சில அழிக்காது. மின்னஞ்சலில் அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிட்டு எடுங்கள். ஏற்கெனவே எடுத்த படம் என்றால் திரையில் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் பயன்படுத்துங்கள், பழைய பதிவு அதில் வராது. சிறிய வட்டப் படத்துக்கு அந்தத் தரம் தாராளம்.

பொலிஸ் சான்றிதழையும் ஓட்டுநர் உரிமத்தையும் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. பிறந்த தேதி, முகவரி, எண் எல்லாம் அதில் இருக்கிறது. “சான்றிதழ் உண்டு, நேரில் காட்டுவேன்” என்று எழுதினால் போதும். உண்மையான பெற்றோர் நேரில்தான் கேட்பார்கள்.

கிழக்குக் கரை

தனிப் படம் என்பதை ஏற்கிறேன். மாதம் ஒருமுறை தேடிப் பார்க்கும் வழியைச் சிநேகிதிக்கும் சொல்கிறேன். இருந்தாலும் தொல்லைச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வரும் முதல் செய்தியிலேயே பிள்ளையின் வயதையோ நேரத்தையோ கேட்காமல் படத்தைப் பற்றிப் பேசுபவரை அப்போதே தடை செய்துவிட வேண்டும், முறைப்பாடும் கொடுக்க வேண்டும். இங்கே நாகரிகம் பார்க்கத் தேவையில்லை.

பேத்தியோடு நான்

நான் வயதானவள், மகள்தான் இதைத் தட்டச்சு செய்து தருகிறாள். பேத்தி பள்ளிக்கூடம் போய்விட்டாள், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, இரண்டு பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நான் எப்போதும் சேலைதான் கட்டுவேன், நெற்றியில் திருநீறும் பொட்டும் இருக்கும். படத்துக்கு மட்டும் பொட்டை எடுத்துவிட்டு மேற்கத்திய உடுப்புப் போட்டால் வேற்று இனத்தவரும் அழைப்பார்கள் என்று மகள் சொல்கிறாள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

இரட்டையர் அம்மா

ஒப்பத் தேவையில்லை அம்மா. வேலைக்கு வரும்போது சேலையும் பொட்டுமாகத்தானே வருவீர்கள்? அப்படியே படத்திலும் இருங்கள். நெற்றியைப் பார்த்து அழைக்காமல் விடுகிற வீட்டில் நாளைக்குப் போய் எட்டு மணிநேரம் இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

மார்க்கம் தகப்பன்

அம்மா, உங்களைப் போன்ற ஒருவரைத்தான் நாங்கள் ஆறு மாதமாகத் தேடினோம். மகன் தமிழில் பேச வேண்டும், சோறும் பருப்பும் ஊட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். உங்கள் படத்தைப் பார்த்தால் விளம்பரத்தை வாசிக்கும் முன்பே அழைத்திருப்போம்.

பாலர் ஆசிரியை

சேலை இருக்கட்டும், மகள் மேல் கோபிக்கவும் வேண்டாம், உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். எனக்குக் கண்ணில் படுவது வேறு. காதில் தொங்கட்டான், நீண்ட சங்கிலி, சேலையில் குத்திய ஊசி. குழந்தை பிடித்து இழுக்கும், ஊசி குத்தும். படத்தில் முந்தானையை இடுப்பில் செருகி, காதில் சின்னத் தோடு மட்டும் இருந்தால், பிள்ளை வளர்த்துப் பழகிய கை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பனிக்காலம்

நான் கல்லூரி மாணவன், ஆண். மூன்று தம்பி தங்கைகளை வளர்த்துவிட்டவன், நீச்சலும் சொல்லிக்கொடுக்கிறேன். விளம்பரம் போட்டு இரண்டு மாதமாகியும் ஒரு அழைப்பும் இல்லை. நீச்சல் குளத்தில் வேலை செய்யும் சீருடையோடு எடுத்த படம்தான் வைத்திருக்கிறேன். வேறு எந்தப் படம் வைத்தால் மாறும்?

பாலர் ஆசிரியை

தம்பி, முதலில் அந்தச் சீருடைப் படத்தை மாற்றுங்கள். அதில் வேலை கொடுத்தவரின் சின்னம் இருக்கும். உங்கள் சொந்த விளம்பரத்துக்கு அவர்கள் உத்தரவாதம் கொடுத்ததுபோல் ஆகும், அவர்களும் விரும்ப மாட்டார்கள். படத்தின் கீழே எழுதும் வார்த்தைகளிலும் இதே கவனம் வேண்டும். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் பாலர் கல்வியாளர் என்ற பட்டத்தை, அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ‘கல்லூரி’ என்ற அமைப்பில் பதிவுபெற்றவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம், 2007ஆம் ஆண்டுச் சட்டம் அது. பதிவில்லாதவர் படத்தின் கீழ் அப்படிப் போட்டுக்கொண்டால் சட்டத்தை மீறியவர் ஆகிறார்.

ஆண் என்பதால் அழைப்பு குறையும் என்பது உண்மை, படம் ஒன்றால் அது முழுதாக மாறிவிடும் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். முகம் தெளிவாக, பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்றில்லை, இயல்பாக இருந்தால் போதும். பிள்ளைகளை மடியில் வைத்த படம் உங்களுக்கு வேண்டாம், சொந்தத் தம்பி தங்கை என்றாலும் பார்ப்பவருக்கு அது தெரியாது. முன்பு நீச்சல் கற்ற பிள்ளைகளின் பெற்றோர் இருவரிடம் சிபாரிசுக் கடிதம் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் கடிதமே கதவைத் திறக்கும். முதலில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, பள்ளி விட்டபின் பார்க்கும் வேலைக்கு முயன்று பாருங்கள்.

வன்னிப்பூ

என் மகளுக்குப் பதினான்கு வயது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பிள்ளை பார்க்கும் பயிற்சி வகுப்பை முடித்திருக்கிறாள். அவளுக்கு என்ன மாதிரிப் படம் வைக்கலாம்?

இரட்டையர் அம்மா

எந்தப் படமும் வேண்டாம். வைக்கவே வேண்டாம்.

மார்க்கம் தகப்பன்

அக்கா சொல்வதே என் கருத்தும். பதினான்கு வயதுப் பெண்பிள்ளை, மாலையில் தனியாக வேறு வீட்டில் இருக்கும் வேலைக்கு வரத் தயார் என்று முகத்தோடு இணையத்தில் அறிவிப்பது ஆபத்து. பல தளங்கள் 18 வயது நிறையாதவர்களைச் சேர்ப்பதும் இல்லை. நீங்கள் தெரிந்த குடும்பங்களிடமும் கோயிலிலும் உங்கள் கட்டடத்திலும் வாய்மொழியாகச் சொல்லுங்கள். பேசுவது, நேரம் குறிப்பது, கொண்டுபோய் விடுவது, கூட்டி வருவது எல்லாம் உங்கள் வழியாகவே நடக்கட்டும்.

வன்னிப்பூ

சரி, இணையம் வேண்டாம். எங்கள் மாடியிலேயே மூன்று குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் கேட்கிறேன்.

இரட்டையர் அம்மா

நல்லூராள் தன் வீட்டிலும் பார்ப்பேன் என்று எழுதியிருந்தார், வீட்டுப் படங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. என்னைப் போன்றவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு வீட்டைத்தான் உற்றுப் பார்ப்போம். வரவேற்பறைச் சோபாவும் கண்ணாடி அலுமாரியும் எங்களுக்கு வேண்டாம். பிள்ளை விளையாடும் தரை, உறங்கும் இடம், படிக்கட்டின் மேலும் கீழும் போட்ட தடுப்பு, இவற்றைக் காட்டுங்கள். ஒரு விளம்பரத்தில் தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் ஜன்னல் திரையின் கயிறு விளையாட்டு மூலைக்கு நேர் மேலே தொங்கியது, அது குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கயிறு. படம் எடுத்தவர் கண்ணில் படவே இல்லை, எனக்கு முதலில் பட்டது அதுதான். வெளிப்பக்கம் எடுக்கவே வேண்டாம், கதவெண் வந்துவிடும்.

பாலர் ஆசிரியை

உரிமம் இல்லாமல் வீட்டில் பார்ப்பவர் 13 வயதுக்கு உட்பட்ட ஐந்து பிள்ளைகளுக்குமேல் பார்க்கக் கூடாது. அதில் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் மூன்று பேர்தான் இருக்கலாம். உங்கள் சொந்தப் பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லை என்றால் அதுவும் கணக்கில் சேரும். தவிர, உங்கள் சேவைக்கு ஒன்ராறியோ அரசின் உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஏழெட்டுக் குட்டி நாற்காலிகள் வரிசையாக நிற்கும் படத்தைப் போட்டால் பார்ப்பவர் எண்ணத்தான் செய்வார்கள்.

நல்லூராள்

இன்று காலை கணவரே எடுத்துத் தந்தார். தனிப் படம், வேறெங்கும் போடாதது என்று விளக்கியதும் சம்மதித்துவிட்டார். பருத்திச் சட்டை, சின்னத் தோடு, ஜன்னல் வெளிச்சம். இரண்டு படங்களை இங்கே நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் பகுதியில் இட்டிருக்கிறேன். ஒன்றில் கேமராவைப் பார்க்கிறேன், மற்றதில் புத்தகத்தைப் பார்க்கிறேன். படப்பெட்டி அண்ணாவும் அங்கே நிர்வாகி என்பதால் பார்த்துச் சொல்ல முடியுமா?

படப்பெட்டி

பார்த்தேன். கேமராவைப் பார்க்கும் படமே முகப்புக்கு. கண்ணில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, சிரிப்பும் செய்து வைத்த சிரிப்பாக இல்லை. புத்தகப் படத்தை விளம்பரத்தின் உள்ளே இரண்டாவதாகப் போடுங்கள். ஆனால் அதில் இடது ஓரம் ஜன்னல் வழியே எதிர்க் கட்டடத்தின் பெயர்ப்பலகை வாசிக்கும் அளவுக்குத் தெரிகிறது. திரைச்சீலையின் விளிம்புவரை வெட்டிவிட்டு ஏற்றுங்கள்.